‘குடும்பம் முடிவெடுக்கிறது’: நாரணாபுரத்திலிருந்து ஒரு வாசிப்பு

1

பொருளாதாரப் பாடநூல்களில் ‘குடும்பம்’ என்று ஓர் ஆள் வருகிறார். அவருக்கு வருமானம் உண்டு. விருப்பங்கள் உண்டு. சந்தையில் எது என்ன விலை என்பது தெரியும். இருக்கிற வருமானத்திற்குள் அதிகபட்சப் பயன்பாடு எதில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு முடிவெடுப்பார். அவருக்குள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், யார் கருக்கலில் எழுந்து போகிறார்கள் என்பதெல்லாம் பாடநூலுக்கு அவசியமில்லை. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் பிறந்து வளர்ந்த நான் இந்த ஆளை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் எடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு முடிவின் விளைவாகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். எண்பதுகளின் நடுவில் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனாள். (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது. வேலைக்குப் போகிறவர்களின் கௌரவத்திற்காக இந்த வார்த்தை வந்ததா, முதலாளிகளின் கௌரவத்திற்காகவா என்பது தனி ஆய்வுக்குரியது.) நான் பள்ளிக்கூடம் போனேன், பிறகு கல்லூரிக்கு, பிறகு வெளியூருக்கு. அக்கா கட்டையில் அடுக்கிய குச்சிகள் என்னுடைய பரீட்சைக் கட்டணமாயின. இதில் உவமை ஏதும் இல்லை. சனிக்கிழமை வாரச் சம்பளம், திங்கட்கிழமை பீஸ்.

இதைப் பொருளாதாரம் எப்படி விளக்கும் என்று தேடித்தான் கேரி பெக்கரிடம் போனேன். 1960-இலேயே குழந்தையை நீடித்து உழைக்கும் நுகர்பொருளோடு ஒப்பிட்டு எழுதியவர் அவர். வீட்டிற்குள் செலவாகும் நேரத்திற்கும் விலை உண்டு என்று 1965-இல் காட்டினார். 1981-இல் குடும்பம் பற்றிய பெருநூல், 1992-இல் நோபெல் பரிசு. மனித நடத்தையின் சகல மூலைகளிலும் பொருளாதாரத்தைக் கொண்டுபோய் நிறுத்தியவர். நம்மில் பலர் அவரைப் படிக்காமலே திட்டுவார்கள். நான் படித்துவிட்டு முதலில் அதிர்ந்துதான் போனேன். எங்கள் வீட்டை யாரோ வேவு பார்த்து எழுதியது போலிருந்தது.

2

பெக்கரும் டோம்ஸும் 1976-இல் எழுதிய கட்டுரை ஒன்று பிள்ளைகளுக்கிடையே பெற்றோர் செலவைப் பகிர்வது பற்றியது. படிப்பில் போட்ட பணம் எந்தப் பிள்ளையிடமிருந்து அதிகமாகத் திரும்புமோ அந்தப் பிள்ளையைப் படிக்க வைப்பது திறமையான முடிவு. மற்றப் பிள்ளைக்குச் சொத்தாக, பணமாக ஈடு செய்துவிடலாம். ஆக மொத்தக் குடும்ப வருமானமும் கூடும், யாருக்கும் அநீதியும் இல்லை. பெக்கரிடம் இன்னொரு தேற்றமும் உண்டு. அதன் பெயரைத் தமிழில் ‘கெட்ட பிள்ளைத் தேற்றம்’ என்று சொல்லலாம். குடும்பத் தலைவர் எல்லோர் மீதும் அன்புள்ளவராக இருந்து பங்கிட்டுக் கொடுத்தால், சுயநலமான பிள்ளைகூடக் குடும்பத்தின் மொத்த நன்மையைக் கருதியே நடந்துகொள்ளும் என்பது அதன் சாரம். எங்கள் வீட்டுக் கெட்ட பிள்ளை யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஈடு விஷயத்துக்கு வருவோம். அக்காவுக்கு என்ன ஈடு கிடைத்தது? கல்யாணத்துக்கு ஐந்து பவுன் போட்டோம். அந்த ஐந்து பவுனும் அவளுடைய வாரச் சம்பளத்தில் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. அதாவது படிக்காத பிள்ளைக்குத் தரப்பட்ட ஈடு, படிக்காத பிள்ளையிடமிருந்தே பிடித்தம் செய்யப்பட்டது. தேற்றத்தில் இந்த வரி இல்லை.

பெக்கரை மறுத்த பொருளாதாரவாதிகள் உண்டு. குடும்பம் ஒற்றை மனமல்ல, பேரம் நடக்கும் இடம் என்று மேன்சரும் பிரவுனும் (1980), மெக்கெல்ராயும் ஹார்னியும் (1981) எழுதினார்கள். கூட்டு முறிந்தால் யார் எங்கே போய் நிற்க முடியும் என்பதை வைத்து உள்ளே யாருடைய குரல் எடுபடும் என்பது தீர்மானமாகும். அமர்த்தியா சென் 1990-இல் இதை ‘ஒத்துழைப்பு முரண்’ என்பதாக விரித்தார். தன்னுடைய நலன் என்று தனியாக ஒன்று இருப்பதாகவே உணராத பெண்ணைப் பேரம் பேசுகிறவளாக எப்படிக் கருதுவது என்று கேட்டார். வெளியே போய்ச் சம்பாதிக்கிறவளின் பங்களிப்பு கண்ணுக்குத் தெரியும், அதனால் அவள் சொல்லுக்கு எடை கூடும் என்றும் சொன்னார்.

சென்னின் இந்தக் கடைசி வரியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அக்கா வெளியே போய்த்தான் சம்பாதித்தாள். பதினோரு வயதில், என் அப்பாவின் லோடுமேன் கூலியில் பாதிக்குக் குறையாமல் கொண்டுவந்தாள். குரல் ஏன் கூடவில்லை? கணக்கு நோட்டில் அவள் பெயர் இல்லை என்பதால். வாங்கிய முன்பணம் அம்மா பெயரில். கழித்த வேலையும் அம்மா பெயரில். ஒரு ஆளின் உழைப்பு இன்னொரு ஆளின் கடனில் கழிகிறபோது பங்களிப்பு எங்கிருந்து கண்ணுக்குத் தெரியும்? தவிர, கூட்டு முறிந்தால் போய் நிற்கப் பதினோரு வயதுப் பெண்ணுக்கு எந்த வாசல் இருந்தது? பேரக் கோட்பாடு குடும்பத்தின் கதவைத் திறந்தது உண்மை. திறந்து உள்ளே பார்த்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

3

இரண்டு வருடங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அக்காவிடம் நேராகவே கேட்டேன், உன்னை அனுப்புறதுன்னு யாரு முடிவு பண்ணாங்க என்று. அவள் சிரித்தாள்.

“நீ என்னடா, பெரிசா முடிவு முடிவுங்கிற. யாரு முடிவு பண்ணா? வேன் வந்துச்சு, ஏறுனேன். தெருவுல எல்லாப் பிள்ளைகளும்தான் ஏறுச்சுக.”

உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள். “யாரும் பண்ணலையா? நாந்தான் அனுப்புனேன். ரெண்டையும் படிக்க வைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். எது வேலைக்குத் தாங்கும், எது தாங்காதுன்னும் தெரியும். அத எதுக்கு இப்ப கொண்டுபோய் வேற யாரு தலையிலயோ போடுற?”

அக்கா பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இந்த இரண்டு வாக்குமூலங்களையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வாதம். நவசெவ்வியல் பொருளாதாரத்திற்கு அம்மாவின் குரல் மட்டும் கேட்கும்: தகவல் இருந்தது, மாற்றுகள் இருந்தன, ஒப்பிட்டாள், தேர்ந்தாள். நம்முடைய துண்டுப் பிரசுரங்களுக்கு, கவிதைகளுக்கு, ஆவணப் படங்களுக்கு அக்காவின் குரல் மட்டும் கேட்கும்: விடியுமுன் வந்த வேன், தூக்கம் கலையாத கண்கள், கந்தகம் தோய்ந்த விரல்கள். முதலாவது, அம்மாவுக்கு இல்லாத சுதந்திரத்தை அவளுக்கு வழங்குகிறது. இரண்டாவது, அவளிடம் இருந்த அறிவைப் பறித்துக்கொள்கிறது. ‘அவர்களுக்கு வேறு வழியில்லை’ என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும் அம்மா மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து போட்ட கணக்கை அழித்துவிடுகிறோம். அவள் போட்ட கணக்கு சாமானியமானதல்ல. மானாவாரிக் காடு இந்த வருசம் விளையுமா, கொழுந்தியாளுக்குச் சடங்கு எப்போது, பள்ளிக்கூடச் சத்துணவில் ஒரு வேளைச் சோறு மிச்சமாகுமே, ஆபீசுக்கு அனுப்பினால் அந்தச் சோறு போகுமே என்பதுவரை அதில் உண்டு. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-இல் விரித்த அந்த மதியச் சோறு அம்மாவின் கணக்கில் ஒரு வரி. கருணையாக அல்ல, விலையாக.

ஆக, அம்மா முடிவெடுத்தாள். யாரும் முடிவெடுக்கவும் இல்லை. இரண்டும் உண்மையாக இருப்பது எப்படி? அதற்கு மூன்றாவது ஆளைப் பற்றிப் பேச வேண்டும். யாரும் அவரிடம் வாக்குமூலம் கேட்பதே கிடையாது.

4

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கிய கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். மழை பொய்க்கிற கரிசல் பூமியில் தொழில் முளைத்த சாகசக் கதை. உண்மையும்கூட. ஆனால் அதில் சொல்லப்படாத ஒரு கண்டுபிடிப்பு உண்டு: வேலையை எண்ணிக் கூலி கொடுப்பது. நாள் கணக்கு கிடையாது. இத்தனை கட்டைக்கு இவ்வளவு. நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோசு, குரோசுக்கு இவ்வளவு. எத்தனை கை சேர்ந்து செய்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டில் மேஸ்திரிக்கு வேலை குறைவு, அம்மாவே மேஸ்திரி. “எந்திரிடா, ஏஜெண்டு வர்ற நேரமாச்சு” என்று அதட்டுகிறவள் அவள்தான். ‘குடும்பம் முடிவெடுக்கிறது’ என்பது பொருளாதாரத்தின் கண்டுபிடிப்பு அல்ல. எண்ணிக் கொடுக்கும் கூலிமுறை குடும்பத்தின் மீது இறக்கிவைத்த ஒரு வேலை அது.

வீட்டில் பெட்டி ஒட்டும்போது இது இன்னும் துலக்கமாகும். ஏஜெண்டு அட்டையும் தாளும் கொண்டுவந்து போடுவார். பசை காய்ச்சும் அடுப்பு நம்முடையது. உட்காரும் தரை நம்முடையது. இரவு விளக்கின் எண்ணெய் நம்முடையது. கூலியில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை. ரஷ்யப் பொருளாதார அறிஞர் சயனோவ் 1925-இல் விவசாயக் குடும்பம் பற்றி எழுதும்போது சொன்னார்: அது தன் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்ப்பதில்லை, தேவை தீரும்வரை அல்லது உடம்பு இனித் தாங்காது என்னும்வரை உழைக்கும். (1937-இல் ஸ்டாலினின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது.) எங்கள் வீட்டுக்கு பெக்கரைவிட நெருக்கமானவர் சயனோவ்தான். ஆனால் அவருடைய குடும்பத்திற்குச் சொந்தக் காடு இருந்தது, விளைந்தது அதற்கே சொந்தம். நாரணாபுரத்தில் குடும்பம் தன்னைத்தானே பிழிந்துகொள்ளும், சாறு மட்டும் வேறு பாத்திரத்தில் இறங்கும்.

அடுத்தது முன்பணம். பாலண்டும் ராபின்சனும் 2000-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடன் வாங்க வழியில்லாத பெற்றோர் பிள்ளையின் எதிர்காலத்திலிருந்து கடன் வாங்குகிறார்கள், அதுவே குழந்தை உழைப்பு என்பதாக. கூர்மையான வாசகம். ஆனால் எங்கள் ஊரில் கடன் கிடைக்காமல் போகவில்லை, வீடு தேடி வந்தது. சடங்குக்கு, கோயில் பொங்கலுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டபோதெல்லாம் ஆபீசிலிருந்து வந்தது. காசாகத் திருப்பித் தர முடியாது என்பது கொடுத்தவருக்கும் தெரியும். பிள்ளையாகத் திருப்பித் தந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் அம்மா இதை அடிமைத்தனம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “நம்பிக் குடுத்தாங்க” என்பாள். கோட்பாட்டாளர்கள் யோசிக்க வேண்டிய சொல் இது.

மூன்றாவதாகச் சட்டம். 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தயாரிப்பில் பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தடை செய்தது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: தொழில் நடத்துகிறவர் தன் குடும்பத்தின் உதவியோடு வேலை நடத்தும் பட்டறைக்கு அந்தத் தடை பொருந்தாது. பொருளாதாரம் ‘குடும்பத்தின் விருப்பம்’ என்று எதை விளக்காமல் விட்டதோ அதையே சட்டம் ‘குடும்பத்தின் உதவி’ என்று தொடாமல் விட்டது. ஆபத்தான தொழில்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று ஆவதற்கு 2016-இன் திருத்தம் வர வேண்டியிருந்தது. மற்றத் தொழில்களில் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத்துக்கு ‘உதவலாம்’ என்ற சலுகை அப்போதும் தங்கிவிட்டது. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் அண்மை வருடங்களில் வீடுகளிலேயே கள்ளத்தனமாகப் பட்டாசு செய்து வீட்டோடு வெடித்துச் செத்த செய்திகளை வாசிக்கிறபோது எனக்கு இந்த விலக்குதான் நினைவுக்கு வருகிறது. வீட்டுச் சுவர் யாரை மறைத்து நிற்கிறது?

5

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பொருளாதாரத்திற்குள்ளிருந்தே இதற்கு ஒரு பதில் வந்தது. கௌசிக் பாசுவும் வானும் 1998-இல் எழுதினார்கள். பெற்றோர் கல்நெஞ்சர்கள் அல்லர், பெரியவர்களின் வருமானம் மிகவும் இறங்கும்போதுதான் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்பது அவர்களின் முதல் கருதுகோள். பிள்ளை செய்கிற வேலையைப் பெரியவர்களும் செய்ய முடியும் என்பது இரண்டாவது. ‘பிஞ்சு விரல்தான் குச்சி அடுக்க லாயக்கு’ என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட கதைக்கு இந்த இரண்டாவது கருதுகோள் ஒன்றே போதும். இரண்டையும் சேர்த்தால் வருவது இது: எல்லாப் பிள்ளைகளும் வேலைக்குப் போவதால் பெரியவர்களின் கூலி தாழ்கிறது, கூலி தாழ்வதால் எல்லாப் பிள்ளைகளும் போக வேண்டியிருக்கிறது. மொத்தமாக நிறுத்தினால் கூலி உயர்ந்து, திரும்ப அனுப்ப வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். ஆனால் ஒரு வீடு மட்டும் தனியாக நிறுத்த முடியாது. நிறுத்தினால் பட்டினி.

“தெருவுல எல்லாப் பிள்ளைகளும்தான் ஏறுச்சுக” என்றாளே அக்கா, அது இதுதான். தெரு முழுக்க அம்மாக்கள் தனித்தனியாக, சரியாகக் கணக்குப் போட்டார்கள். அந்தச் சரியான கணக்குகள் கூடித்தான் அடுத்த வீட்டு அம்மாவின் கணக்கை அப்படியே ஆக்கின. பாசுவிடம் எனக்குள்ள குறை ஒன்றே: அவருடைய மாதிரியில் முதலாளி வெறுமனே சந்தைக் கூலியைப் பார்த்து ஆள் எடுக்கிறவர். வேன் அனுப்புவதில்லை. முன்பணம் கொடுப்பதில்லை.

மைரன் வீனர் 1991-இல் கேள்வியை வீட்டிலிருந்தே வெளியே எடுத்தார். இந்தியாவில் பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு வறுமை போதுமான காரணமல்ல, ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கட்டாயக் கல்வி எதற்கு என்று நினைக்கும் அதிகார வர்க்கத்தின், நடுத்தர வர்க்கத்தின் மனம்தான் காரணம், அதன் அடியில் சாதி இருக்கிறது என்றார். எங்கள் ஊர் விஷயத்தில் உச்ச நீதிமன்றமே இந்த மனத்திற்கு சாட்சி. எம்.சி. மேத்தா வழக்கில் 1990-இல் அது, உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால் பொதி கட்டும் வேலையில் பிள்ளைகள் இருக்கலாம், பெரியவர் கூலியில் அறுபது சதமாவது தர வேண்டும் என்றது. அதே வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வேறு குரலில் பேசியது. சட்டத்தை மீறி வைத்துக்கொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை பார்த்துத் தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் தன் பங்காகப் போட வேண்டும். ஆறு வருடத்தில் என்ன மாறியது? முதல் தீர்ப்பு குடும்பத்தின் முடிவை இருப்பதாக ஏற்றுக்கொண்டு அதற்குச் சதவீதம் நிர்ணயித்தது. இரண்டாவது தீர்ப்பு அந்த முடிவின் செலவை முதலாளியின் கணக்கிலும் அரசின் கணக்கிலும் எழுதியது.

சிவகாசிப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்கள் இன்று அந்தக் காலம் போல் இல்லை. அம்மாக்கள் திருந்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆய்வாளர்கள் வந்தார்கள், வழக்குகள் வந்தன, தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் வந்தன, தீப்பெட்டிக்கு இயந்திரம் வந்தது, வீட்டுக்குப் பிள்ளைகள் குறைந்தன, சத்துணவு நிலைத்தது. கணக்குப் போடுகிற அறிவு அதேதான். கணக்கில் வருகிற எண்கள் மாறின. அவற்றை மாற்றியது வீட்டுக்கு வெளியே நடந்த காரியங்கள்.

6

அக்கா இப்போது பட்டாசு ஆபீசில் பாக்கெட் போடுகிறாள். இப்போதும் அவள் ‘முடிவெடுக்கிற தனிநபர்’தான். ஆபத்தான வேலைக்குக் கூலி கூடும், கூடுதல் கூலிக்கு ஆபத்தை ஏற்பதா என்பது தொழிலாளியின் தேர்வு என்ற வாதம் 1776-இல் ஆடம் ஸ்மித்தின் காலத்திலிருந்தே வேர் விட்டிருக்கிறது. அவளிடம் கேட்டேன். “மருந்துல கை வச்சா கூலி கூடத்தான். ஆனா வெடிக்கிறப்ப ரூம் பாத்தா வெடிக்கும்?” என்றாள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் செத்தவர்களில் காப்பாற்றப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் உண்டு. அவர்கள் எந்தக் கூலிக்கு எந்த ஆபத்தைத் தேர்ந்தார்கள்?

2018 அக்டோபரில் பட்டாசு வழக்கின் தீர்ப்பு வந்து, சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விழுந்து, நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் ஆபீசுகள் அடைத்துக் கிடந்தபோது அக்கா மகளின் கல்லூரிக் கட்டணத்தை மகளிர் குழுக் கடனில் கட்டினாள். மகள் படிப்பை நிறுத்தவில்லை. அதை யார் முடிவு செய்தது என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “அத நாந்தான் முடிவு பண்ணேன்.” முதல் முறையாக அந்தச் சொல்லை அவள் தனக்காகப் பயன்படுத்தினாள். பேரக் கோட்பாட்டாளர்கள் இதை எடுத்துக்கொள்ளட்டும், தவறில்லை. குழுக் கடன் அவள் பெயரில் இருந்தது, கணக்கு நோட்டிலும் அவள் பெயர் இருந்தது.

கோட்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லி இதை எழுதவில்லை. முடிவு என்பது ஓர் ஆளின் மண்டைக்குள்ளோ ஒரு வீட்டின் சுவருக்குள்ளோ முடிந்துபோகிற காரியமல்ல என்பதற்காக எழுதுகிறேன். யார் பெயரில் கடன், யார் பெயரில் கணக்கு, எண்ணிக்கைக்கா நேரத்திற்கா கூலி, வேனை அனுப்பியது யார்: இவ்வளவையும் எழுதிய பிறகே ‘குடும்பம் முடிவெடுத்தது’ என்ற வாக்கியத்தை எழுத நமக்கு உரிமை உண்டு. கதை எழுதுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பிள்ளையின் விரலை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே அம்மாவின் கணக்கையும் எழுதுங்கள். அதற்கும் மேலாக, அந்தக் கணக்கின் எண்களைப் போட்டுக்கொடுத்தவரை எழுதுங்கள். நம் பிரதிகளில் அவர் இன்னும் வரவே இல்லை.

என்னுடைய பாக்கி ஒன்று இருக்கிறது. கெட்ட பிள்ளைத் தேற்றத்தின்படி நான் குடும்ப நலனுக்காக நடந்திருக்க வேண்டும். வெளியூர் போன முதல் ஐந்து வருடம் நான் வீட்டுக்குப் பணம் அனுப்பவில்லை. தேற்றத்தில் அதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். அக்காவிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.